இல்லாத நாட்டின் விமானப்படை

நியூஜெர்சியிலிருந்தும் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்தும் நேரலையில் இணைந்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பேச்சில் டெக்ஸாஸ் வாடை கொஞ்சம் தூக்கலாகவே அடிக்கும்.

தலைப்பைப் பார்த்துவிட்டு, வான்புலிகளைப் பற்றியா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2007 மார்ச் 26 அதிகாலையில் கட்டுநாயக்க விமானத்தளத்தின் மேல் குண்டு வீசியவை செக் நாட்டில் செய்யப்பட்ட சிறிய ஸ்லின் விமானங்கள். எந்த நாடும் அங்கீகரிக்காத ஒரு நாட்டின் பெயரால் பறந்தவை. நான் பேசப்போவது அதைப் பற்றியல்ல, ஆனால் அதை மனதின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் விமானப்படை நம் வீட்டிலிருந்து காரில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில், டாலஸில் இருக்கிறது.

டெக்ஸாஸின் தென்கோடியில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி மெர்சிடிஸ் என்று ஒரு சிற்றூர். 1957இல் லாயிட் நோலன் என்பவரும் அவருடைய நண்பர்களும் காசு சேர்த்து ஒரு பழைய பி-51 மஸ்டாங் போர்விமானத்தை வாங்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் பறந்த வகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், விமானத்தின் உடலில் யாரோ 'கான்ஃபெடரேட் ஏர் ஃபோர்ஸ்' என்று பெயின்டால் எழுதி வைத்திருந்தார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது. 1961 செப்டம்பரில் அதே பெயரில் லாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிவும் செய்தார்கள்.

கான்ஃபெடரசி என்பது 1861இல் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்பு. பிரிந்ததன் அடிப்படைக் காரணம் அடிமைமுறை. அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்கள் இன்னொருவரின் சொத்தாகப் பதிவாகியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளில் அந்த நாடு தோற்று அழிந்தது. ரைட் சகோதரர்கள் பறந்தது அதற்கு 38 ஆண்டுகள் கழித்து. அப்படியொரு நாட்டுக்கு விமானப்படை என்பதே நகைச்சுவை. நம்மூரில் யாராவது மஸ்டாங் விமானத்தில் 'கட்டபொம்மன் விமானப்படை' என்று எழுதிவைத்ததுபோல.

உண்மையில் அந்த நாட்டிடம் வானத்தில் எதுவுமே இல்லாமலில்லை. 1862இல் ரிச்மண்ட் நகரைச் சுற்றிப் போர் நடந்தபோது பல நிறப் பட்டுத்துணியால் தைத்த ஒரு பலூன் இருந்தது. நகரத்தின் வாயு ஆலையில் நிலக்கரி வாயுவை நிரப்பி, ரயிலில் கட்டிப் போர்முனைக்கு இழுத்துப்போவார்கள். போர்ட்டர் அலெக்ஸாண்டர் என்ற இளம் அதிகாரி அதில் ஏறி எதிரிப்படையை வேவு பார்த்தார். ஜூலை 4 அன்று, அதாவது அமெரிக்க சுதந்திர தினத்தன்று, அதை ஏற்றிவந்த படகு வடக்கத்தியவர்களிடம் சிக்கியது. அந்தப் பலூனின் கதை அதோடு முடிந்தது. தென்னாட்டுச் சீமாட்டிகள் தங்கள் பட்டு உடைகளையெல்லாம் கொடுத்துத் தைத்த பலூன் என்று ஜெனரல் லாங்ஸ்ட்ரீட் பின்னாளில் உருக்கமாக எழுதினார். அது மொத்தமாக வாங்கிய துணி. தோற்றவர்களின் கதைகளில் இப்படித்தான் கடைத்துணிகூடக் கண்ணீர் நனைந்த சேலையாகிவிடும்.

மெர்சிடிஸ்காரர்களின் வேடிக்கைக்கு வருவோம். படையில் சேர்ந்த எல்லோரும் கர்னல்கள், சிப்பாயே கிடையாது. சாம்பல் நிறச் சீருடை. தலைவர் ஜெத்ரோ கல்பெப்பர் என்ற கற்பனை மனிதர். விமானத்தளத்தின் பெயர் ரெபல் ஃபீல்ட். கிராமத்துத் திருவிழா நாடகம் மாதிரி. ஆனால் இந்த நாடகக்காரர்கள் செய்த வேலை மிகப்பெரியது. போரின்போது அமெரிக்கா கிட்டத்தட்ட மூன்று லட்சம் விமானங்களைச் செய்தது. 1960இல் இவர்கள் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் தேடிப் புறப்பட்டபோது பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய், உருக்கி அலுமினியமாகியிருந்தன. இவை பறக்கும் நிலையில் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அரசாங்கத்துக்கே தோன்றவில்லை. கேலிப்பெயர் வைத்துக்கொண்ட சில பூச்சிமருந்து விமானிகளுக்கும் விவசாயிகளுக்கும் தோன்றியது. அவர்களுக்கு அந்தப் பாராட்டைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேசவேண்டும்.

அவர்களுடைய சாதனைகளில் முதன்மையானது 'ஃபிஃபி' என்ற பி-29 குண்டுவீச்சு விமானம். கலிஃபோர்னியாவின் சைனா லேக் பாலைவனத்தில், கடற்படை தன் ஏவுகணைகளைச் சுட்டுப் பழக நிறுத்திவைத்திருந்த பி-29களிலிருந்து ஒன்றை மீட்டு, 1971 ஆகஸ்டில் டெக்ஸாஸுக்குப் பறக்கவிட்டே கொண்டுவந்தார்கள். 2016 வரை உலகத்தில் பறந்துகொண்டிருந்த ஒரே பி-29 அதுதான்.

பி-29 நமக்கு அந்நியமல்ல. அதன் முதல் போர்த்தாக்குதல் 1944 ஜூனில் வங்காளத்திலிருந்து புறப்பட்டது. ஐஐடி கரக்பூரில் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். கரக்பூரைச் சுற்றியிருந்த ஓடுதளங்கள்தான் அப்போது இந்த விமானங்களின் வீடு. அந்த ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலையின் சீனன்குடாவிலிருந்து கிளம்பிய பி-29கள் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கின. போகவர 6000 கிலோமீட்டருக்கு மேல். அதற்காகச் சீனன்குடா ஓடுதளத்தையே நீட்டினார்கள். தமிழ் நிலத்திலிருந்து அப்படியொரு பறத்தல் நிகழ்ந்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது நம் போரல்ல, நம் மண் மட்டும்தான். ஒருவேளை அதனால்தான் நாம் அதைக் கதையாக வைத்துக்கொள்ளவில்லை.

ஃபிஃபி போரைப் பார்த்ததில்லை. ஆனால் 1976 அக்டோபரில் டெக்ஸாஸின் ஹார்லிங்கனில் நடந்த விமானக் கண்காட்சியில் அதற்கு ஒரு வேடம் கிடைத்தது. ஹிரோஷிமாவில் குண்டு வீசிய அதே பால் டிபெட்ஸ் ஓட்டுநர் இருக்கையில். விமானம் பார்வையாளர்களின் மேல் பறந்தது, தரையில் வெடி வைத்துக் காளான் மேகம் எழுப்பினார்கள். ஜப்பான் கண்டித்தது, அமெரிக்க அரசு மன்னிப்பு கேட்டது. 1945 இறுதிக்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கல்பெப்பரின் கர்னல்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் காட்சியின் ஒரு பகுதியாகத் தோன்றியது எப்படி?

கொடூரமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டாக ஒரு நாட்டைச் சூடிக்கொண்டவனுக்கு எதுவுமே விளையாட்டாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன். இங்கேதான் வான்புலிகளை நினைவுபடுத்துகிறேன். வன்னியிலிருந்து வந்த ஒருவர் தன் படகின் மேல் அந்தப் பெயரை வேடிக்கையாக எழுதிவைப்பாரா? ஆதரித்தவரும் எழுதமாட்டார், எதிர்த்தவரும் எழுதமாட்டார். அந்தத் தோல்வியின் பிணங்கள் இன்னும் எண்ணி முடிக்கப்படவில்லை. கான்ஃபெடரசியின் பெயரைச் சொல்லிச் சிரிக்க முடிந்தவர்கள், அந்தத் தோல்வியில் எதையும் இழக்காத வெள்ளைக்காரர்கள். 1961இல், அவர்கள் நிறுவனத்தைப் பதிவு செய்த அதே ஆண்டில், அலபாமாவில் 'ஃப்ரீடம் ரைடர்ஸ்' இளைஞர்கள் வந்த பேருந்தைக் கொளுத்தினார்கள். அங்கே கான்ஃபெடரேட் கொடி நகைச்சுவையல்ல.

பெயரை மாற்றுவதற்கு 40 ஆண்டுகள் ஆயின. 2001இல் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள், 2002 முதல் 'கமெமரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ்', நினைவு விமானப்படை. சி.ஏ.எஃப் என்ற மூன்றெழுத்து மாறவில்லை. நன்கொடை திரட்ட அந்தப் பழைய பெயர் இடைஞ்சலாக இருந்தது என்பதும் ஒரு காரணம். அறம் பல நேரங்களில் கணக்குப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

ஆனால் பெயர் போகும் முன்பே உள்ளே ஒன்று மாறத் தொடங்கியிருந்தது. அதே அமைப்பின் மினசோட்டா கிளையினர் வாலில் சிவப்பு வண்ணம் தீட்டிய ஒரு பி-51சி மஸ்டாங்கைப் பல ஆண்டு உழைத்துப் புதுப்பித்தார்கள். டஸ்கீகியில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகளின் நினைவாக. நிறவெறி உச்சத்திலிருந்த ராணுவத்தில் 992 பேர் அங்கே விமானியானார்கள். அடிமைகளை வைத்திருந்த நாட்டின் பெயரில் தொடங்கிய படையில், அடிமைகளின் பேரப்பிள்ளைகளின் விமானம். 2004இல் அது விழுந்து, ஓட்டியவர் இறந்தார். மறுபடி கட்டினார்கள். 2009இல் மீண்டும் பறந்தது. இன்று அதோடு ஒரு நடமாடும் கண்காட்சியும் ஊர் ஊராகப் பள்ளிப்பிள்ளைகளிடம் போகிறது.

ஓடும் இயந்திரத்தால் வரலாற்றைக் காப்பதற்கு இந்த விலை எப்போதும் உண்டு. 2022 நவம்பர் 12 அன்று டாலஸ் எக்ஸிக்யூட்டிவ் விமான நிலையத்தில், ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கையில், 'டெக்ஸாஸ் ரெய்டர்ஸ்' என்ற பி-17 மீது ஒரு பி-63 மோதியது. இரண்டிலும் சேர்த்து ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் காணொளி உங்களில் பலருடைய வாட்ஸாப்பிலும் வந்திருக்கும். எந்த விமானம் எந்த உயரத்தில் பறக்கவேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துச் சொல்லப்படவில்லை, அந்தந்த நேரத்துக் கட்டளைகளையே நம்பியிருந்தார்கள் என்று விசாரணையில் வெளிப்பட்டது. இவற்றை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டால் என்ன என்ற வாதம் அப்போது பலமாக எழுந்தது. எனக்கு அந்த வாதத்தில் பாதிதான் சம்மதம். நின்றுபோன விமானம் ஒரு சிலை. அதன் எண்ணெய் வாசனையும் காதடைக்கும் இரைச்சலும் சொல்வதைச் சிலை சொல்லாது. ஆனால் அதைக் கேட்பதற்கு ஆறு பேர் உயிர் என்றால், அந்தப் பாதிச் சம்மதத்தைக்கூட உரக்கச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

ஃபிஃபி இன்னும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. உங்கள் பக்கம் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். முன்னறையையும் பின்னறையையும் இணைக்க, குண்டுகள் தொங்கும் இடத்தின் மேலே ஒரு குறுகிய குழாய்ப்பாதை உண்டு. விமானிகள் அதில் தவழ்ந்து போவார்கள். பாலெம்பாங்குக்குப் போன இரவில், சீனன்குடாவில் ஏறியவர்களும் அப்படித்தான் தவழ்ந்திருப்பார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சீனன்குடா எங்கே என்று கேட்பார்கள்.