தமிழ் மென்பொருளும் பராமரிப்பும்: குறியாக்க வரலாறு தரும் படிப்பினை

முன்னுரை

செம்மையாக உருவாக்கப்பட்ட மென்பொருளை அப்படியே விட்டுவிடலாம் என்பது பரவலான எண்ணமாகும். மென்பொருள் தேய்வதில்லை என்பது உண்மையே. எனினும், அதனைச் சூழ்ந்த கணினியும் இயங்குதளமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எதனை மாற்றாது காத்தல் வேண்டும், எதனை இடைவிடாது பேணுதல் வேண்டும் என்னும் வினாவைத் தமிழ்க் குறியாக்க வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்துருக்களின் காலம்

1990களில் தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் எட்டுப் பிட்டு முறையில், 256 இடங்களுக்குள் அமைந்தன. எவ்வெழுத்துக்கு எவ்விடம் என்பதை உருவாக்குநர் பலரும் தத்தம் போக்கில் வகுத்தனர். ஆகவே, கோப்பு சிதையாது இருப்பினும், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் உரை பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகவே தோன்றியது. இதனைக் களையும் நோக்கில் 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடைபெற்ற மாநாடுகளில் பொதுத்தரம் பற்றி விவாதிக்கப்பட்டது. சென்னை மாநாட்டையொட்டி உருவான டாம், டாப் தரங்களும் எட்டுப் பிட்டு எல்லைக்குள்ளேயே நின்றன.

ஒருங்குறியும் நிலைபேறும்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரம் அதற்கு அடிப்படையாகும். 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில் கொரிய அசையெழுத்துகள் இடம்பெயர்க்கப்பட்டன. அதன்பின், இடம்பெற்ற எழுத்து இடம் மாறாது, நீக்கப்படாது என்பது உறுதியான கொள்கையாயிற்று.

குறியாக்கம் அசையாது நின்றபோதும் மென்பொருளின் பணி முடிந்துவிடவில்லை. 2005இல் 4.1ஆம் பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்டது. அதுவரை 'ஸ' கொண்டு உள்ளிடப்பட்ட 'ஸ்ரீ', பின்னர் 'ஶ' கொண்டும் உள்ளிடப்படலாயிற்று. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே வடிவமாகத் தோன்றும். கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். இவ்வேறுபாட்டிற்கு ஈடுசெய்யாத நூலகத் தேடலில் ஒன்றைத் தேடினால் மற்றது கிட்டாது. பழைய உரையில் ஓரெழுத்தும் மாறவில்லை. அதனைத் தேடும் மென்பொருளே திருத்தம் வேண்டி நிற்கிறது.

முடிவுரை

குறியாக்கம் நிலைத்து நிற்க, அதனைக் கையாளும் மென்பொருள் தொடர்ந்து பேணப்படுதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளும் வினாத்தாள்களும் இன்றும் வட்டுகளில் உறங்குகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற அந்தந்த எழுத்துருவின் இட அட்டவணை இன்றியமையாதது. அவ்வட்டவணையை அறிந்தோர் நம்மிடையே உள்ளபோதே, மூலக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்துப் பாதுகாத்து, மாற்றிய உரையை மெய்ப்புப் பார்த்து வைத்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.