நீதிமன்ற அவமதிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

பாண்டியன் அவையில் கண்ணகி நின்ற காட்சியைத் தமிழர் மறப்பதில்லை. ஆராயாது வழங்கப்பட்ட தீர்ப்பை அவள் அரசன் முன்னிலையிலேயே இடித்துரைத்தாள். நெடுஞ்செழியன் அவளைச் சிறையிடவில்லை. சிலம்பைக் கொணரச் செய்து, உண்மை உணர்ந்து, உயிர் நீத்தான். தீர்ப்பைப் பழிப்போரை என் செய்வது என்னும் வினா நமக்குப் புதியதன்று. இக்கால நீதிமன்றங்கள் அதற்குக் கண்ட விடையை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

நீதிபதியை இழித்துரைத்தல் குற்றம் என்னும் கோட்பாடு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1765இல் வில்மட் என்னும் நீதிபதி, ஆல்மன் என்னும் புத்தக வணிகர் மீதான வழக்கிற்கு ஒரு தீர்ப்பை எழுதிவைத்தார். வழக்கு கைவிடப்பட்டமையால் அது அவையில் படிக்கப்படவே இல்லை. அவர் மறைந்த பின் 1802இல் அச்சேறியது. வழங்கப்படாத அத்தீர்ப்பே பின்னாளில் பலர்க்கும் மேற்கோளாயிற்று!

இந்தியாவில் 1926, 1952ஆம் ஆண்டுச் சட்டங்களை அடுத்து 1971ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அது அவமதிப்பை இரண்டாகப் பகுக்கிறது. ஆணையை வேண்டுமென்றே மீறுதல் உரிமையியல் அவமதிப்பு. நீதிமன்றத்தை இழிவுபடுத்துதல், நீதி வழங்கலில் குறுக்கிடுதல் ஆகியன குற்றவியல் அவமதிப்பு. ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் தண்டனையாகும். மனம் ஒப்பி மன்னிப்புக் கோரினால் தண்டனை நீக்கப்படலாம். முடிந்த வழக்கின் தீர்ப்பை நேர்மையாகத் திறனாய்வது குற்றமன்று.

தமிழகத்தில் பெரிதும் பேசப்பட்டது பெரியாரின் வழக்கு. திருச்சி மாவட்ட ஆட்சியர் மலையப்பன் குறித்த உயர்நீதிமன்றத் தீர்ப்பை அவர் கண்டித்துப் பேசினார். அவமதிப்பு வழக்கில் மன்னிப்பை நாடாது, தம் கருத்திற்குரிய காரணங்களை விளக்கி 1957 ஏப்ரலில் நீண்ட அறிக்கை அளித்தார், அபராதம் விதிக்கப்பெற்றார். அவ்வறிக்கை ‘நீதி கெட்டது யாரால்?’ என நூலாயிற்று.

கேரள முதல்வராயிருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு, நீதிபதிகள் வர்க்கச் சார்புடையோர் என 1967இல் கூறினார். உச்சநீதிமன்றம் 1970இல் குற்றத்தை உறுதிசெய்தது; ஆனால் 1,000 ரூபாய் அபராதத்தை 50 ஆகக் குறைத்தது.

2017 மே 9 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, முன்பு சென்னையிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த சி.எஸ். கர்ணனுக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. பதவியிலிருக்கும் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அதுவே முதன்முறை. அவர் கூற்றுகளை வெளியிட இதழ்களுக்கும் தடை விதிக்கப்பட்டது. நீதிபதியே தண்டனைக்குள்ளானார் என்பதனினும், அவர் கூறுவதை மக்கள் அறியலாகாது என்பதே என் சிந்தையை உறுத்துவது.

எனில் இச்சட்டமே வேண்டாவோ? அவ்வாறு கூறேன். ஓய்வூதிய வழக்கில் வென்ற முதியவர் ஒருவரை எண்ணுக. ஆணையை அலுவலகம் கிடப்பில் போடுமாயின், அவர் கையிலுள்ள படைக்கலம் அவமதிப்பு மனு ஒன்றே. அவ்வுரிமையியல் பிரிவு எளியோர்க்கு அரண். அதனைக் காத்தல் வேண்டும். இழித்துரைத்தல் பற்றிய பிரிவோ நீதிபதியரின் மாண்பிற்கு வேலி. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே குழப்பத்தின் வேர்.

பொதுநலன் கருதி நல்லெண்ணத்துடன் கூறப்பட்ட உண்மையைத் தற்காப்பாக ஏற்க 2006ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. கோட்பாட்டை நமக்களித்த இங்கிலாந்து 2013இல் நீதிமன்றத்தை இழித்துரைக்கும் குற்றத்தையே நீக்கிவிட்டது. அதனால் அந்நாட்டு மன்றங்கள் மதிப்பிழந்துவிடவில்லை.

திருவான்மியூரில் பத்தாண்டுகளாகச் சிலப்பதிகாரம் முதலியன கற்றுவரும் நம் வட்டத்தினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாண்டியன் புகழ் நிலைத்தது அவன் அவையை யாரும் பழிக்காமையால் அன்று; பழித்தவளின் சொல்லுக்குச் செவி கொடுத்தமையாலேயே ஆகும்.