நாவற்பழத்தின் ஊதாவும் சோதனைக் குழாயின் எண்ணும்

நன்கு பழுத்த நாவற்பழத்தின் தோலை நகத்தால் கீறினால் விரலில் ஊதா ஏறுகிறது. உள்ளே சதையோ வெளிறிக் கிடக்கிறது. சாயம் பெரும்பாலும் தோலில்தான் என்பதை அந்த விரலே சொல்லிவிடும். கறையில் எலுமிச்சைச் சாறு பட்டால் சிவக்கும்; சோப்பு பட்டால் நீலம் பாயும். டெல்ஃபினிடின், பெட்யூனிடின், மால்விடின் வகை அந்தோசயனின் நிறமிகளின் வேலை இது. வாய் துவர்ப்பது டானினால். எச்சிலின் புரதங்களை அது பற்றிக்கொள்ள, நாக்கின் வழவழப்பு போய்விடுகிறது.

இப்பழத்தின் எதிர் ஆக்சிஜனேற்றத் திறனை ஆய்வுகள் ஓர் எண்ணாகத் தருகின்றன. அந்த எண்ணை உண்பவரின் உடல்நலத்துக்கு அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்பதே என் வாதம்.

முதற்காரணம், எதை அளக்கிறோம் என்பது. புதிய பழத்தில் நூற்றுக்குச் சுமார் 84 பங்கு நீர். உலர்த்திய பொடியின் 100 கிராமுக்குச் சொல்லும் மதிப்பு, தின்னும் பழத்தில் ஏறத்தாழ 600 கிராமுக்கு உரியது. ஃபீனால் செறிந்த விதையையோ நாம் துப்பிவிடுகிறோம். விதைப்பொடியைச் சித்த மருத்துவம் நீரிழிவுக்குத் தருகிறது. அது தனியே ஆராய வேண்டிய கேள்வி. ஆய்வகம் சாறெடுப்பதுபோல் தின்பவர் பழத்தை மெத்தனாலில் ஊறவைத்தும் தின்பதில்லை.

அளக்கும் முறையிலும் சிக்கல் உண்டு. எதிர் ஆக்சிஜனேற்றத் திறனை அளக்கும் டிபிபிஹெச் சோதனையில் ஊதாக் கரைசல் மஞ்சளாவதை 517 நானோமீட்டர் ஒளியில் பார்க்கிறோம். அந்தோசயனினும் ஏறக்குறைய அதே ஒளியைத்தான் உறிஞ்சுகிறது. சாற்றின் சொந்த நிறத்தைக் கழிக்காவிட்டால் பழத்தின் ஊதாவே கணக்கைக் கெடுத்துவிடும். மொத்த ஃபீனாலுக்கான ஃபோலின் சோதனை வைட்டமின் சி-யையும் சேர்த்தே எண்ணுகிறது. எண்கள் எவ்வளவு மாறும் என்பதற்கு நெல்லிக்காயின் வைட்டமின் சி-யைப் பாருங்கள்: பழைய இந்திய அட்டவணைகளில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம், 2017-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணையில் சுமார் 250. ரகமும் முதிர்ச்சியும் காரணமாகலாம். ஒரே ஒரு சத்துக்கே இத்தனை ஏற்ற இறக்கம் என்றால், பலவற்றின் கூட்டு வினையை ஒற்றை எண்ணில் அடக்குவது எப்படி? அமெரிக்க வேளாண்துறை உணவுகளின் எதிர் ஆக்சிஜனேற்றத் திறனைப் பட்டியலிட்ட தன் ‘ஓராக்’ தரவுத்தளத்தை 2012-இல் விலக்கிக்கொண்டது. அந்த மதிப்புகளுக்கும் உடலில் நிகழும் விளைவுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது.

அந்தோசயனின் அதே வடிவில் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் சிறு ஃபீனாலிக் அமிலங்களாகச் சிதைகிறது. ஆய்வு அந்தச் சிதைபொருள்களைத் தேடிப் போக வேண்டும். நாம் உண்ணும் பங்கை, தோலும் சதையுமாக, புதிய எடையில் அளக்க வேண்டும். உப்புப் போட்டுக் குலுக்கித் தின்னும் வழக்கத்தையும் அப்படியே சோதிக்க வேண்டும். இவையெல்லாம் மரத்தருகிலேயே தொடங்கியாக வேண்டிய வேலை. காலையில் பொறுக்கிய நாவற்பழம் மறுநாளே கசிந்து புளிக்கத் தொடங்குகிறது. பேருந்தில் ஆய்வகம் வந்து சேர்வது பெரும்பாலும் அந்தப் பழம்தான்.