போர்ஷே 915 கியர்பெட்டி

போர்ஷே 915 என்பது ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம், டர்போ வகை நீங்கலாக, தனது 911 விளையாட்டுத் தானுந்துகளில் 1972 முதல் 1986 வரை பொருத்திய கையியக்கக் கியர்பெட்டி ஆகும். உறுதியானதெனினும், கியர் மாற்றும்போது கைக்குத் தெளிவான உணர்வைத் தராதது எனப் பெயர் பெற்றது.

911-இல் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் அமைந்துள்ளது. ஆகவே கியர்த் தண்டின் அசைவு, தரைக்குள் செல்லும் நீண்ட கோலின் வழியாகவே பெட்டியைச் சென்றடைகிறது. இக்கோலின் இணைப்பிலுள்ள நெகிழி புஷ்கள் தேய்ந்தால் தண்டு தொளதொளவென்று ஆடும். குறையைப் பெட்டியின் மீது சுமத்துமுன் மலிவான இந்த புஷ்களை மாற்றி, இணைப்பின் கோணத்தைச் சரிசெய்து பார்ப்பதே முறை. அடுத்து கிளட்ச் கம்பியைக் கவனிக்க வேண்டும். கிளட்ச் முழுமையாக விடுபடாவிடில் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ வளையங்கள் வீணே தேயும்.

தண்டின் வீச்சைக் குறைக்கும் மாற்றுத் தண்டுகளும் விற்கப்படுகின்றன. நெம்புகோல் விதிப்படி வீச்சு குறையக் குறையத் தேவைப்படும் விசை கூடும். தேய்ந்த வளையத்தை இவை சீராக்கா. அவசரமாக மாற்றத் தூண்டி மேலும் தேய்க்கவே செய்யும்.

1987 மாதிரியில் 915-இன் இடத்தைப் பிடித்த ஜி50 கியர்பெட்டி, போர்க்-வார்னர் வகை சிங்க்ரோ வளையங்களையும் நீர்ம அழுத்தக் கிளட்சையும் கொண்டிருந்தது.