விழையும், துடிக்கும், தங்கிய

விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தின் செய்திக் குறிப்புகளில் சில ஆண்டுகளாக ஓர் அடைமொழி புழங்குகிறது: ‘முன்னேற விழையும் மாவட்டம்’. 2018 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயர் அது. நாடு முழுக்க 112 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமும். ‘ஆஸ்பிரேஷனல்’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல் தமிழுக்கு வந்ததும் மூன்றாகிவிட்டது. இங்கே ‘விழையும்’; தில்லியிலிருந்து வரும் தமிழ்க் குறிப்புகளில் ‘விரும்பும்’, சில சமயம் ‘துடிக்கும்’. துடிப்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. விழைவு நிதானமான பழஞ்சொல். இன்பத்தை விழைவதையும் வினையை விழைவதையும் வள்ளுவர் ஒரே குறளில் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்.

அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த சொல் ‘பின்தங்கிய’. 2006-07இல் வந்த பின்தங்கிய பகுதிகளுக்கான மானிய நிதி 250 மாவட்டங்களுக்குப் போனது. தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு. விருதுநகர் அதில் இல்லை. பின்தங்கியதாக எழுதப்படாமலே விழையத் தொடங்கிய மாவட்டம் இது!

இந்தச் சொற்களின் பூர்வீகம் இந்தியா அல்ல. 1949இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தம் பதவியேற்புரையில் உலகின் பெரும்பகுதியை வளர்ச்சி குறைந்த பகுதி என்றார். குறை என்று சொல்வது நாகரிகமில்லை என்று பட்டதும் ‘வளரும் நாடுகள்’ வந்தன. 1971இல் ஐ.நா. அவற்றிலும் மிக ஏழையான 25 நாடுகளைப் பிரித்துத் தனிப் பட்டியல் போட்டது. அப்பட்டியலிலிருந்து மாலத்தீவு 2011இலும் பூட்டான் 2023இலும் வெளியேறின. அந்த வெளியேற்றத்தை ஆங்கிலத்தில் ‘கிராஜுவேஷன்’ என்கிறார்கள், கல்லூரி முடித்ததுபோல. பணம் கொடுத்தவர்களும் பெயர் மாறினார்கள். கொடையாளி நாடுகள் இப்போது வளர்ச்சிக் கூட்டாளிகள்.

தமிழில் இவை எல்லாமே பெயரெச்சங்கள் என்பதால் காலம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘வளர்ந்த’, ‘குறைந்த’, ‘பின்தங்கிய’ எல்லாம் இறந்தகாலம், தீர்ப்பு முடிந்துவிட்டது. ‘வளரும்’, ‘விழையும்’ முடியாதவை. பெயர் மாற்றியவர்கள் உண்மையில் மாற்றியது காலத்தைத்தான். கூடவே வினைக்கு உரியவரும் மாறிவிட்டார். தங்கியது யாரால் என்று கேட்க ‘பின்தங்கிய’வில் கொஞ்சம் இடமிருந்தது. ‘விழையும்’ என்றால் விழைய வேண்டியது மாவட்டத்தின் பொறுப்பு.

சிவகாசிப் பக்கம் வெளியிலிருந்து வந்த இன்னொரு பெயர் ‘இண்டஸ்’. இந்தியாவும் அமெரிக்காவும் ஆளுக்கு 2 கோடி டாலர் போட்டு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழியாக 2004இல் தொடங்கிய குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டம். அதில் விருதுநகர் மாவட்டமும் உண்டு. இரு நாட்டுப் பெயர்களின் ஆங்கிலச் சுருக்கங்களை ஒட்டினால் சிந்து நதியின் பெயர் கிடைத்தது. யாரோ ஓர் அதிகாரி அன்றைக்கு மகிழ்ந்திருப்பார். ஆனால் இந்த வட்டாரம் தானாக எடுத்துக்கொண்ட ஆங்கிலம் வேறு. பட்டாசுத் தொழிற்சாலை இங்கே ‘பயர் ஆபீஸ்’. தீப்பெட்டித் தொழிற்சாலை ‘தீப்பெட்டி ஆபீஸ்’. மருந்து நெடியில் உட்கார்ந்து திரி சொருகும் இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர் வைத்ததில் இருப்பது பெருமையா கிண்டலா என்று தெரியாதபடி அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

விருதுநகர் என்ற ஊர்ப்பெயரே அப்படி ஒரு கதைதான். விருதுகளோடு வந்து சவால்விட்ட வீரனை வீழ்த்தி அவன் விருதுகளை வெட்டிய ஊர் என்று ‘விருதுபட்டி’க்குச் சொல்வார்கள். 1923இல் ‘பட்டி’ போய் ‘நகர்’ வந்தது. வணிகர்கள் தம் உறவின்முறைச் சங்கத்துக்குக் கொடுத்த மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டி, வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்து அதை நடத்திய ஊர். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை 1889இல் எழுந்தது. விழைவை ஊர்க்காரர்கள் அடைமொழியில் வைக்கவில்லை, பெயரிலேயே சேர்த்துக்கொண்டார்கள். 1985இல் பிறந்த மாவட்டத்துக்குக் காமராஜர் பெயர் இருந்தது. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டபோது ஊர்ப்பெயரே மாவட்டப் பெயராயிற்று.

2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட அமைப்பு ‘முன்னேற விழையும் மாவட்டம்’ திட்டத்தை ஆராய்ந்து, மற்ற நாடுகளும் பின்பற்றலாம் என்றது. பட்டியல் போட்ட இடத்துக்கே பெயர் திரும்பிப் போயிருக்கிறது. திட்டத்தில் 49 குறியீடுகள். மாதாமாதம் எவ்வளவு முன்னேற்றம் என்று அளக்கும் தரவரிசைக்கு ‘டெல்டா’ என்று பெயர். 2018 டிசம்பரில் வெளியான வரிசையில் விருதுநகருக்கு முதலிடம். டெல்டா என்றால் நமக்குத் தஞ்சாவூர். வானம் பார்த்த கரிசல் சீமை டெல்டாவில் முதலிடம் பிடித்தது என்ற செய்தியைத் திருச்சுழி விவசாயி எப்படி வாசித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.