மருந்தை முறித்த நொதி, நோயின் வேரைக் காட்டிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

“கீமோ கொடுத்ததில் கட்டி சுருங்கிவிட்டது என்றார்கள் சார், பிறகு ஏன் திரும்பி வருகிறது?” என்று நம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்டது பெருங்குடல் புற்றுநோயைப் பற்றி. அதற்கு விடை தேடிப் போனவர்களின் வழியில் ஒரு நொதி குறுக்கிடுகிறது. அதன் பெயர் ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ். பெயர்தான் நீளம், ஆள் நமக்குப் பழக்கமானவர். மது குடித்தவரின் உடலில் உண்டாகும் ஆல்டிஹைடு என்ற நச்சை முறிப்பது இந்த நொதிக் குடும்பம்தான். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை இதைத்தான் முடக்குகிறது. குடியை நிறுத்த அது உதவும் என்பதை 1948ல் டென்மார்க்கில் வெளியிட்டார்கள்.

புற்றுநோய்க் கதைக்குள் இந்த நொதி வில்லனாகத்தான் நுழைந்தது. சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய கீமோ மருந்து உடலுக்குள் போனதும் ஆல்டிஹைடு வடிவம் ஒன்றை எடுக்கும். அதிலிருந்துதான் செல்லைக் கொல்லும் நச்சு பிறக்கிறது. எலிகளின் ரத்தப் புற்றுச் செல்களில் சில இந்த மருந்துக்கு அசையவே இல்லை. அவற்றில் இந்த நொதி மிகுந்திருப்பதை 1984ல் ஜான் ஹில்டன் காட்டினார். மருந்து நச்சாக மாறும் முன்பே நொதி அதை முறித்துவிடுகிறது. 1990ல் இன்னொரு செய்தி. நம் எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உற்பத்தி செய்யும் மூலச் செல்களிலும் இதே நொதி அதிகம் என்று மைக்கேல் காஸ்டனும் உடன் இருந்தவர்களும் கண்டார்கள். அதாவது குருத்தணுக்கள், நீங்கள் ஸ்டெம் செல் என்று படித்தவை, தங்களைக் காத்துக்கொள்ள இதை வைத்திருக்கின்றன.

அப்படியானால் இந்த நொதியை வைத்தே அவற்றைப் பிடிக்கலாமே? 1999ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அதற்கு வழி செய்தார்கள். ஒளிரும் சாயம் ஒன்றை ஆல்டிஹைடோடு இணைத்துச் செல்லுக்குள் விட்டார்கள். நொதி அதை மாற்றியதும் சாயம் வெளியே போக முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். நொதி அதிகமுள்ள செல் பளிச்சென்று ஒளிரும், அதுவும் உயிரோடு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதற்கிடையே பெருங்குடல் பக்கம் வேறொரு தேடல் நடந்தது. கட்டியிலுள்ள எல்லாச் செல்களும் புதுக் கட்டியை உண்டாக்குவதில்லை, ஒரு சிறு கூட்டம்தான் விதை நெல் போல என்பது கருத்து. 2007ல் கனடாவின் டொராண்டோவிலும் இத்தாலியின் ரோமிலும் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இதை வெளியிட்டன. இருவரும் பயன்படுத்திய அடையாளம் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி133 என்ற புரதம். டொராண்டோ கணக்கில், மொத்தக் கட்டியில் 57,000 செல்லுக்கு ஒன்றுதான் எலியில் கட்டியைத் தொடங்கியது. சிடி133 உள்ளவற்றைப் பிரித்தெடுத்தபோது 262க்கு ஒன்று.

மகிழ்ச்சி அதிக நாள் நீடிக்கவில்லை. மறு ஆண்டே நியூயார்க்கிலிருந்து மறுப்பு வந்தது. பரவிய பெருங்குடல் புற்றில் சிடி133 இல்லாத செல்களும் கட்டியை உண்டாக்கின. சீருடையைப் பார்த்து மாணவனை அடையாளம் காண்பதில் உள்ள சங்கடம்தான் இது. அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பது வேறு. நொதி காட்டுவது அந்த இரண்டாவதை.

2009ல் எமினா ஹுவாங், புரூஸ் போமன் முதலானோர் அதைப் பெருங்குடலில் பார்த்தார்கள். பெருங்குடலின் உட்சுவரில் நுண்ணிய குழிகள் நெருக்கமாக இருக்கும். குருத்தணுக்கள் குழியின் அடியில் வாழும். அவற்றின் சந்ததி மேலே ஏறி, சில நாளில் உதிர்ந்துவிடும். நலமான குடலில் நொதி கொண்ட செல்கள் அடியில் மட்டும், அதுவும் அரிதாகத் தெரிந்தன. புற்றை நோக்கி நகரும் திசுவிலோ அவை பெருகிக் குழியின் மேற்பகுதிக்கும் பரவியிருந்தன. நொதி மிகுந்த 25 செல்களே எலியில் கட்டியை வளர்க்கப் போதுமாக இருந்தன.

மாணவரின் கேள்விக்கு நேராக வரும் ஆய்வு 2008ல் வெளியானது. மனிதப் பெருங்குடல் கட்டியை எலியில் வளர்த்து சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தபோது கட்டி சுருங்கியது. ஆனால் மிஞ்சியதில் விதைச் செல்களின் விகிதம் கூடியிருந்தது. அவற்றில் இந்த நொதி மிகுந்திருந்தது. நொதியைக் குறைத்ததும் மருந்து வேலை செய்தது. 1984ல் ரத்தப் புற்றில் கண்ட அதே கதை!

ஆனால் மனிதனுக்கு இந்தக் குடும்பத்தில் 19 மரபணுக்கள் உண்டு. எது ஒளிர்கிறது என்று சாயம் பெயர் சொல்லாது. ஏஎல்டிஹெச்1பி1 என்ற வேறொரு உறுப்பினரும் பெருங்குடல் புற்றில் மிகுந்திருப்பதாக 2011ல் ஒரு கட்டுரை வந்தது. போதாக்குறைக்கு, நலமான குருத்தணுக்களிடமும் இந்த நொதி இருப்பதால், நோயை மட்டும் குறிவைத்து இதை முடக்குவது எளிதல்ல. எனவே யாருடைய பயாப்சி அறிக்கையிலாவது இந்தப் பெயர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். வழக்கமான பரிசோதனைகளில் இது இன்னும் இடம்பெறவில்லை.