எழுநூறு ஆண்டு மண்ணைத் தோண்டிய தொண்டூழியர்கள்

"தங்கம் ஏதும் கிடைத்ததா?"

தொல்பொருள் அகழ்வு நடக்கும் இடத்தில், வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். உள்ளே முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பவர் ஒரு பானை ஓட்டுச் சில்லைத் தூக்கிக் காட்டுவார். கேட்டவருக்குச் சப்பென்று ஆகிவிடும். நடையைக் கட்டிவிடுவார்.

ஆனால் சிங்கப்பூரின் வரலாற்றுக்கு ஐந்நூறு ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்தது அந்தச் சில்லுதான். அதைத் தோண்டி எடுத்தவர்களில் பெரும் பகுதியினர் சம்பளம் வாங்காத தொண்டூழியர்கள்.

வேடிக்கை என்னவென்றால், தங்கமும் இங்கே கிடைக்கத்தான் செய்தது. 1928ல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கம் கட்டும் வேலை நடந்தபோது, தொழிலாளர்கள் தங்க நகைகளைக் கண்டெடுத்தனர். தோளில் அணியும் வங்கி ஒன்றில் காலா எனப்படும் காவல் முகம் செதுக்கப்பட்டிருந்தது. கிழக்குச் சாவகத்து வேலைப்பாடு, 14ஆம் நூற்றாண்டு என்று அறிஞர்கள் கணித்தனர். அவற்றில் சில ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் காணாமல் போயின. எஞ்சியவற்றை இன்றும் தேசிய அரும்பொருளகத்தில் பார்க்கலாம்.

அத்தனை அழகான நகை கிடைத்தும் பாடப்புத்தகம் மாறவில்லை. 1819ல் ராஃபிள்ஸ் வந்து இறங்கினார், அதற்கு முன் இது ஒரு மீனவக் கிராமம் என்ற கதையே தொடர்ந்தது. காரணம் எளிது. நகை பயணம் செய்யும். கப்பலில் வந்த யாரோ ஒருவர் புதைத்துவிட்டுப் போயிருக்கலாம். சோற்றுப் பானை அப்படி அல்ல. அது உடைந்த இடத்திலேயே கிடக்கும். ஓர் இடத்தில் மக்கள் குடியிருந்தார்களா, அல்லது வழியில் தங்கிப் போனார்களா என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியது அடுப்பங்கரைதான்.

ஏடுகளில் சான்றுகள் இல்லாமலில்லை. சீன வணிகர் வாங் தாயுவான் 1349ஆம் ஆண்டுவாக்கில் எழுதிய பயணக் குறிப்பில், இப்பகுதியில் உள்ளூர் மக்களோடு சீனர்களும் கலந்து வாழ்ந்ததைச் சொல்கிறார். சயாமியர் கப்பல் கூட்டத்தோடு வந்து தெமாசெக்கைத் தாக்கியதையும் குறிப்பிடுகிறார். 1365ல் இயற்றப்பட்ட சாவக நூலான நகரகிரேதாகமத்தில் 'துமாசிக்' என்ற பெயர் வருகிறது. செஜாரா மெலாயு, சிங்கத்தைக் கண்ட சாங் நீல உத்தமனின் கதையைச் சொல்கிறது. அந்த நூலில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ராஜா சூலன், அதாவது சோழ மன்னன், சீனத்தின் மீது படையெடுத்துப் புறப்பட்டுத் தெமாசெக் வரை வந்து, சீனர்களின் ஒரு தந்திரத்தால் ஏமாந்து திரும்பினானாம். நீல உத்தமனின் பரம்பரையே அந்தச் சூலனின் வழியில் வந்தது என்றும் அது சொல்கிறது. கதைதான். ஆனால் எழுதியவருக்குச் சோழர் பெயர் தெரிந்திருக்கிறது!

ஏட்டுக் கதையை எப்படி நம்புவது என்று கேட்பவர்களுக்கு மண் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதன் வாயை வெகு காலத்துக்கு முன்பே அடைத்துவிட்டார்கள். 1822 பிப்ரவரியில் ஜான் கிராஃபர்ட் இந்தக் குன்றைச் சுற்றி வந்தபோது, செங்கல் அடித்தளங்களையும் பழைய மதிலையும் பழமரங்களையும் பார்த்ததாக எழுதிவைத்தார். மலாய் மக்கள் அதை புக்கிட் லாராங்கான், தடை செய்யப்பட்ட குன்று, என்றுதான் அழைத்தனர். 1859ல் தொடங்கிய கோட்டை வேலையில் குன்றின் உச்சி வெட்டிச் சமப்படுத்தப்பட்டது. கிராஃபர்ட் கண்டவை போயின.

அதைவிடப் பெரிய இழப்பு ஆற்றின் முகத்துவாரத்தில் நடந்தது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரக் கல் ஒன்று அங்கே நின்றது. அதில் சுமார் ஐம்பது வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1843ல் கட்டட வேலைக்கு இடம் வேண்டும் என்று அதை வெடிவைத்துத் தகர்த்தனர். சில துண்டுகளைக் காப்பாற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். ஒரு துண்டு இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்துகளை இன்னும் யாரும் உறுதியாகப் படித்து முடிக்கவில்லை. அதில் 'கேசரிவ' என்ற எழுத்துகள் இருப்பதாகவும், அது பரகேசரிவர்மன் என்ற சோழர் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றும் ஐயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் 2019ல் வெளியிட்ட கட்டுரையில் கூறினார். அவர் சொல்வது சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க மீதி வரிகள் இல்லை. வெடிமருந்து அவற்றை விட்டுவைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1984 ஜனவரியைப் பார்க்க வேண்டும். யோக்யகர்த்தாவின் காஜா மாடா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த அமெரிக்கத் தொல்லியலாளர் ஜான் மிக்சிக்கை தேசிய அரும்பொருளகம் அழைத்தது. ஃபோர்ட் கேனிங்கில், இஸ்கந்தர் ஷா சமாதி என்று சொல்லப்படும் இடத்துக்கு அருகே, பத்தே நாள் சோதனை அகழ்வு. கோட்டை கட்டியவர்கள் எல்லாவற்றையும் கலைத்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தது. தோண்டிப் பார்த்தால், அந்த இடத்தில் 14ஆம் நூற்றாண்டு மண் அடுக்கு கலையாமல் அப்படியே இருந்தது. சீனப் பச்சைப் பீங்கான், கண்ணாடி மணிகள், அவற்றோடு உள்ளூர் மண்பானை ஓடுகள். வெளியூர்ப் பீங்கான் வணிகம் நடந்ததைச் சொன்னது. மண்பானை, இங்கே சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று சொன்னது.

மிக்சிக் 1987ல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். அதன்பின் நடந்த அகழ்வுகளுக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? மாணவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றவர்கள், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த அலுவலக ஊழியர்கள். சிங்கப்பூரின் தொல்லியலை இவர்கள்தான் தோளில் சுமந்தனர்.

இவர்கள் செய்யும் வேலை திரைப்படத்தில் காட்டுவதுபோல் இருக்காது. முதலில் நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண். மண்வெட்டியால் வெட்டுவது கிடையாது. கொத்தனார் கரண்டியின் ஓரத்தால் மண்ணைச் சில சென்டிமீட்டர் கனத்துக்குச் சுரண்டி, குப்பை முறத்தில் வாரி, வாளியில் போட்டுச் சல்லடையில் சலிக்க வேண்டும். மண்ணின் நிறம் மாறினால் கையை நிறுத்த வேண்டும். புது நிறம் என்றால் புது அடுக்கு, அதாவது வேறொரு காலம். கிடைத்த ஒவ்வொரு சில்லும் சதுர எண்ணும் ஆழமும் எழுதிய பைக்குள் போக வேண்டும். பொறுமை இல்லாதவர் இரண்டாம் நாள் வரமாட்டார்.

எண்ணும் ஆழமும் ஏன் அத்தனை முக்கியம்? பை மாறிப் போனால் எழுநூறு ஆண்டுப் பீங்கானும் வெறும் உடைந்த தட்டுதான். எங்கே, எதன் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. குன்றிலும் ஆற்றங்கரையிலும் கிடைத்தவற்றை அப்படிப் பதிவு செய்ததால்தான் ஒரு வித்தியாசம் தெரிய வந்தது. ஆற்றங்கரையில் சீனச் செப்புக் காசுகள் நிறையக் கிடைத்தன. உலோக வேலை செய்த தடயங்களும் இருந்தன. குன்றில் காசு அரிது. அங்கே கண்ணாடி வேலை செய்த அடையாளமும் உயர்ரகப் பொருள்களும் கிடைத்தன. மேலே ஆள்பவர்களும் அவர்களுக்கு வேலை செய்த கைவினைஞர்களும், கீழே வணிகரும் தொழிலாளரும். ஒரு நகரத்தின் வரைபடமே சல்லடையிலிருந்து எழுந்தது என்று சொல்லலாம். தனியாக எந்த ஒரு பொருளும் இதைச் சொல்லியிருக்காது.

எழுநூறு ஆண்டை ஆதிக் குடியேற்றம் என்று சொல்லலாமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில், குனோங் ருந்து குகையில் 1991ல் தோண்டி எடுக்கப்பட்ட 'பேராக் மனிதன்' பத்தாயிரம் ஆண்டுக்கு முற்பட்டவன். சிங்கப்பூரில் அத்தகைய சுண்ணாம்புக் குகைகள் இல்லை. புளிப்பு மண்ணும் மழையும் எலும்பைக் கரைத்துவிடும், மரத்தை மக்கச் செய்துவிடும். பூலாவ் உபினில் கிடைத்த கல்லாயுதங்கள் போன்ற சிறு தடயங்களைத் தவிர, இத்தீவில் ஓர் ஊராக மக்கள் கூடி வாழ்ந்ததற்கு நமக்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று 14ஆம் நூற்றாண்டுடையதே.

குன்று பூங்காவாக இருந்ததால் அங்கே அவகாசம் இருந்தது. ஆற்றங்கரை நகரத்தின் நடுமையம். அங்கே கட்டட ஒப்பந்ததாரரின் கால அட்டவணைதான் ஆட்சி செய்யும். 1994, 1995ல் புதிய நாடாளுமன்றக் கட்டடம் எழும் இடத்தில் அகழ்வு. 1998ல் எம்பிரஸ் பிளேஸ். அங்கேதான் சிறகுள்ள குதிரையின் மேல் அமர்ந்த, தலையில்லாத ஈய உருவம் கிடைத்தது. 2003, 2004ல் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலய வளாகம். பின்னால் மண்வாரி இயந்திரம் காத்துக்கொண்டிருக்கும். இருக்கிற நாளில் எடுத்தது வரலாறு, எடுக்காதது அடித்தளக் கான்கிரீட்டுக்குக் கீழே. வார இறுதியில் பத்துப் பேர் கூடுதலாக வந்தால் இன்னும் சில சதுரங்கள் தப்பிக்கும். கணக்கு அவ்வளவுதான்.

2015 பிப்ரவரியில் எம்பிரஸ் பிளேசில் மறுபடியும் தொடங்கியது. விக்டோரியா அரங்கத்தை ஒட்டிய இடம். தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் தொல்லியலாளர் லிம் சென் சியான் தலைமையில் நடந்த அந்த அகழ்வு, அதுவரை சிங்கப்பூர் கண்டவற்றில் ஆகப் பெரியது. நிரந்தர ஊழியர் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். மற்றவர்கள் தொண்டூழியர்கள். மேலே தார், அதன் கீழ் காலனி காலத்தில் கொட்டிய நிரப்பு மண், அதற்கும் கீழே பழைய ஆற்றங்கரை. மழை பெய்தால் குழி குளமாகும். நீரை இறைத்துவிட்டு மறுபடியும் சுரண்ட வேண்டும். டன் கணக்கில் பொருள்கள் வெளிவந்தன. மிங் மரபின் முதல் பேரரசர் ஹோங்வு காலத்து அரண்மனைத் தரப் பீங்கானும் அவற்றில் இருந்தது. அத்தகைய பீங்கானைச் சீனப் பேரரசர் வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாக அனுப்பியதாக ஏடுகள் சொல்கின்றன. மீனவக் கிராமத்துக்குப் பேரரசர் பரிசு அனுப்புவாரா?

பாடப்புத்தகமும் அதற்குள் அசைந்துவிட்டது. 2014ல் வந்த உயர்நிலைப் பள்ளி வரலாற்று நூல் சிங்கப்பூரின் கதையை 1300லிருந்து தொடங்கியது. மிக்சிக்கின் ஆய்வு நூலுக்கு 2018ல் சிங்கப்பூர் வரலாற்றுப் பரிசு கிடைத்தது. 2019ல் இருநூறாம் ஆண்டு நினைவு வந்தபோது, எழுநூறு ஆண்டு என்ற பேச்சும் கூடவே வந்தது. எதையும் திட்டமிட்டே செய்து பழகிய நாடு, தன் மூத்த வரலாற்றை மட்டும் விருப்பப்பட்டவர் வந்து தோண்டட்டும் என்று இத்தனை காலம் விட்டுவைத்தது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

குழியை மூடியதோடு வேலை முடிவதில்லை. இதைப் புதிதாக வரும் தொண்டூழியர் பலரும் எதிர்பார்ப்பதில்லை. ஒவ்வொரு சில்லையும் கழுவ வேண்டும். பீங்கானைப் பல் துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். மண்பானை ஓட்டை அப்படித் தேய்த்தால் கரைந்துவிடும். அதை விரலால் வருடித்தான் கழுவ வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி, மெல்லிய முனைப் பேனாவால் ஒவ்வொன்றின் மீதும் குறியீடு எழுதி, எடை போட்டு, வகை பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். சில மாதங்களில் தோண்டியதைச் சீர்செய்யப் பல ஆண்டுகள் பிடிக்கும். வேலியோரம் நின்று எட்டிப் பார்க்கவும் அங்கே யாரும் வருவதில்லை.

எம்பிரஸ் பிளேசின் அந்த இடம் பின்னர் புல்வெளியும் நடைபாதையுமாக மாறியது. மாலையில் ஆற்றுக் காற்று வாங்க வருபவர்கள் அதன் மேல் நடந்து போகிறார்கள். கீழே இருந்த ஊர் இப்போது பெட்டிகளில் இருக்கிறது, ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஒரு சதுர எண்ணோடு.